என் பேர்ல ஒரு பில்ஸ்னர்

தாராளமா உக்காருங்க. இந்தப் பையை நான் கால்கிட்ட இறக்கிக்கிறேன். நீங்க போன்ல "சட்னியை ஃப்ரிட்ஜுக்குள்ள வைடா"ன்னு சொன்னது காதுல விழுந்துச்சு, அதான் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். பெண்டிகோ ரயில்ல தமிழ் கேக்கறதே அபூர்வம். மெல்போர்ன் வரைக்குந்தானே? நானும் அங்கதான்.

இதுவா? கேடயம். நல்ல கண்ணாடி, பிளாஸ்டிக் இல்ல. எடுத்துப் பாருங்க, கனம் தெரியும். என்ன எழுதியிருக்கு? திலகவதி கிருபாகரன். அது நான்தான். அதுக்குக் கீழ? ஆமா, பீர்தான். பீர் காய்ச்சினதுக்குத்தான் குடுத்தாங்க. முதல் பரிசு.

உங்க முகம் இப்படிப் போகும்னு எனக்குத் தெரியும். பரவால்ல, பழகிருச்சு. வீட்டுல காய்ச்சறது இந்த ஊர்ல தப்பே இல்ல, விக்கத்தான் கூடாது. போட்டி வைக்கிறாங்க, பரிசு குடுக்குறாங்க. எங்க தமிழ்ச் சங்கத்துப் பொம்பளைங்க என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அக்கா, செய்ங்க, வெளியில சொல்லிக்காதீங்க"ன்னாங்க. ஏன் சொல்லக் கூடாது? எங்க வீட்டுக்காரர் காய்ச்சினப்போ அவங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாம் எங்க காராஜுல வந்து கிளாஸை நீட்டிக்கிட்டு நின்னாங்க. அப்ப அது ரசனை. நான் காய்ச்சினா மட்டும் ரகசியமா? சொல்வேன். ரயில்ல பக்கத்துல உக்காந்தவங்ககிட்டயும் சொல்வேன். இப்பச் சொல்லிட்டுத்தானே இருக்கேன்.

எங்க வீட்டுக்காரர் பேரு கிருபாகரன். ஆபீஸ்ல அது யார் வாயிலயும் நுழையலை, 'கே'ன்னு கூப்பிடுவாங்க. கொரோனா வந்து வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தோமில்ல, அப்ப ஆளுக்கு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டாங்க. சில பேர் ரொட்டி சுட்டாங்க. இவர் பீரைப் பிடிச்சுக்கிட்டார். காராஜுல நின்ன கார் தெருவுக்குப் போயிருச்சு. உள்ள எவர்சில்வர் அண்டா, பம்பு, குழாய், சூடு பாக்க ஒரு கருவி, புளிப்புப் பாக்க ஒரு கருவி. வாங்கினது எல்லாம் அவரு. கழுவினது எல்லாம் நானு. பீர் காய்ச்சறது ஏதோ பெரிய வித்தைன்னு நினைக்காதீங்க. முக்கால்வாசி பாத்திரம் கழுவறதுதான். ஒரு மூலையில கொஞ்சம் அழுக்கு ஒட்டியிருந்தாலும் மொத்தமும் கெட்டுப் போகும். நான் கழுவினா கெடாது.

ஹாப்ஸ்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? ஒரு கொடியோட பூ. அதைக் காய வச்சு அரைச்சு, மாத்திரை மாதிரி அழுத்திப் பாக்கெட்டுல விக்கிறாங்க. பாக்குறதுக்கு முயல் தீனி மாதிரி இருக்கும். பார்லித் தண்ணி வெறும் இனிப்பு. அதுக்குக் கசப்பும் வாசமும் குடுக்கறது இந்தப் பூதான். கொதி வந்ததுமே போட்டா கசப்பு இறங்கும். இறக்கப் போற நேரத்துல போட்டா வாசம் நிக்கும். ரசத்துல மல்லித்தழையை முதல்லயே போட்டுக் கொதிக்க விட்டா என்ன மிஞ்சும்? அவ்வளவுதான் விஷயம். இதை இவர் எனக்கு ராக்கெட் விடற மாதிரி விளக்குவார். நான் கல்யாணத்துக்கு முன்னால திண்டுக்கல்ல கெமிஸ்ட்ரி டீச்சர். எனக்கு!

செக் நாட்டுல பில்ஸ்னர்னு ஒரு பீர் உண்டு. தங்கக் கலர்ல, அந்தப் பக்கம் இருக்கற ஆள் தெரியற மாதிரி தெளிவா இருக்கும், மேல கெட்டி நுரை. கறுப்பு பீர்ல நீங்க ஏதாவது தப்புப் பண்ணினா மறைச்சுக்கலாம். இதுல மறைக்க இடமே கிடையாது. இவர் ஆசையா அதைக் காய்ச்சினார். காய்ச்சிட்டு, கடைசியில அமெரிக்க ஹாப்ஸ் ஒண்ணை அள்ளிக் கொட்டினார். சிட்ராவாம். பாக்கெட்டைத் திறந்தாலே மாம்பழம், எலுமிச்சம்பழம்னு வீடு முழுக்க வாசம். எனக்கு அப்பவே என்னவோ போல இருந்துச்சு. ஆனா நான் சொன்னா யாரு கேக்கறா?

பக்கத்து வீட்டுல யர்மிலான்னு ஒருத்தி இருக்கா. என் வயசுதான், முதியோர் இல்லத்துல நர்ஸ். தனியா இருக்கா. செக் நாட்டுக்காரிதானேன்னு இவர் பெருமையா ஒரு கிளாஸை வேலிக்கு மேல நீட்டினார். அவ ஒரு வாய் குடிச்சா. இன்னொரு வாய் குடிச்சா. "கே, நல்லா இருக்கு"ன்னா. இவர் சிரிச்சார். "ஆனா இது பில்ஸ்னர் இல்ல. மாம்பழ ஜூஸ்"ன்னா.

இவர் வீட்டுக்குள்ள வந்து, "ஊசி போடறவளுக்கு பீரைப் பத்தி என்ன தெரியும்?"னார்.

அவளுக்குக் கொஞ்சம் தெரியும்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். அவ பொறந்த ஊரைச் சுத்தி முழுக்க ஹாப்ஸ் தோட்டமாம். அவங்க அப்பா அதுலதான் வேலை பாத்தாராம். அந்தக் காலத்துல ஸ்கூல் பிள்ளைங்களையே லாரியில ஏத்தி ஹாப்ஸ் பறிக்கக் கொண்டு போவாங்களாம், இவளும் போயிருக்கா. அந்த ஊர்ப் பேரு ஜாட்டெட்ஸ். அங்க விளையற ஹாப்ஸைத்தான் உலகம் முழுக்க சாட்ஸ்னு சொல்றாங்க. சாட்ஸ்ங்கறது ஜெர்மன்காரங்க வச்ச பேராம். "எங்க பூ, எங்க மண்ணு, பேரு மட்டும் அவனுது"ன்னு யர்மிலா அடிக்கடி பொருமுவா. நான் சிரிப்பேன். "பேரு எதுவா இருந்தா உனக்கென்ன, வாசம் அதேதானே"ன்னு சொல்வேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் மனசுல வச்சுக்கறவ அவ.

ஒரு சனிக்கிழமை அவ என்னைப் பிரன்ஸ்விக்ல இருக்கற கடைக்குக் கூட்டிட்டுப் போனா. வீட்டுல காய்ச்சறவங்களுக்கான சாமான் கடை. கடைக்காரர்கிட்டப் பேசி, மாதிரிக்கு வச்சிருந்த டப்பாக்களைத் திறக்க வச்சா. கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில போட்டு, இன்னொரு கையால தேய்ச்சா. ஒரு தடவை தேய்ச்சு மோந்து பாக்கணும். அப்புறம் நல்லா சூடு வர்ற மாதிரி தேய்ச்சு மறுபடியும் மோந்து பாக்கணும். ரெண்டாவது வாசம்தான் நிஜ வாசம். என் கையிலயும் போட்டா. நான் மோந்தேன்.

என்னத்தைச் சொல்ல? பச்சைப் புல்லு, காஞ்ச வைக்கோல், அதுக்கு அடியில லேசா மிளகு, அதுக்கும் அடியில ஏதோ ஒரு பூ. சத்தமே போடாத வாசம். சிட்ரா கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் மாதிரின்னா, இது பக்கத்து ரூம்ல யாரோ மெதுவாப் பேசற மாதிரி. எனக்கு மூக்கு கூர்மை. கெமிஸ்ட்ரி லேப்ல மூடியைத் திறக்காமலே எது எந்த பாட்டில்னு சொல்வேன். மோந்த உடனே முடிவு பண்ணிட்டேன், இதுதான்னு.

ஆனா ஒரு சிக்கல். அந்த டப்பாவுலயே ரெண்டாவது தேய்ப்புல அடியில இன்னொரு வாசம் வந்துச்சு. நனைஞ்சு காயாத சாக்ஸ் வாசம். யர்மிலா மூஞ்சியைச் சுளிச்சா. "பழசு. போன அறுவடைக்கும் முந்தினது"ன்னா. கடைக்காரர் ஒரு நியூசிலாந்து ஹாப்ஸை எடுத்து நீட்டினார். "இதுவும் சாட்ஸோட வம்சம்தான், இந்த வருஷத்துது, கலந்துக்குங்க"ன்னார். மோந்தோம். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எலுமிச்சை முந்திக்கிட்டு நின்னுச்சு. "ஒரு துளி எலுமிச்சையும் வேண்டாம். காத்திரு, புது அறுவடை கப்பல்ல வரும்"னு யர்மிலா சொன்னா.

நான் காத்திருந்தேன். மாசக்கணக்காக் காத்திருந்தேன். சொல்றது சுலபம்ங்க. காத்திருந்தது யாரு? நான்தானே?

புதுசு வந்துச்சு. இவர் அண்டாவை நான் கேக்கலை. எங்க பிரியாணிப் பாத்திரத்துல, அடுப்படியில காய்ச்சினேன். கசப்புக்கும் சாட்ஸ், நடுவுல சாட்ஸ், இறக்கும்போதும் சாட்ஸ். இவர் வாசல்ல நின்னு பாத்துட்டு, "கசப்புக்குப் போயி இதையா போடறே? அதுல கசப்பே கம்மி, மூட்டை மூட்டையா வேணும். காட்டமா இருக்கற வேற ஒண்ணைக் கொஞ்சம் போட்டாப் போதும். சுத்த வேஸ்ட்"னார். யர்மிலா ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு, "இப்ப"ன்னா. நான் போட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி "இப்ப"ன்னா. போட்டேன். கரண்டி முழுக்க முழுக்க என் கையில. தண்ணிகூட மெல்போர்ன் குழாய்த் தண்ணியே. இது அவங்க ஊர்த் தண்ணி மாதிரியே மென்மையான தண்ணி, இதுக்குன்னே வந்த தண்ணின்னு அவதான் சொன்னா. தண்ணி எல்லார் வீட்டுலயும்தான் வருது, அதுல என்ன இருக்கு.

அப்புறம் தோசை மாவு வைக்கிற ஃப்ரிட்ஜைக் காலி பண்ணி, உள்ள வச்சு, உறையற குளிர்ல வாரக்கணக்கா விட்டேன். அத்தனை நாளும் தோசை கிடையாது. இவர் புலம்பினார். புலம்பட்டும்.

முதல் கிளாஸை யர்மிலாவுக்குத்தான் குடுத்தேன். மோந்தா. குடிக்கவே இல்ல, மோந்துக்கிட்டே இருந்தா. கண்ணுல தண்ணி கொட்டுது. "என்னடி?"ன்னு தமிழ்லயே கேட்டுட்டேன். "எங்கப்பா சட்டை இப்படித்தான் மணக்கும்"னா. பாருங்க, என் பீரை மோந்து பாத்தே ஒருத்தி அழுதிருக்கா. அப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு, நம்ம கையில ஏதோ இருக்குன்னு. அன்னிக்கு நானும் ஒரு கிளாஸ் குடிச்சேன். ஆமா, குடிச்சேன். அம்பது வயசுக்கு மேல, நான் காய்ச்சினதை நான் குடிச்சேன்.

இனிமேதான் விஷயமே.

இவர் பீர் காய்ச்சறவங்க கிளப்பு ஒண்ணுல இருக்கார். மாசா மாசம் கூடுவாங்க, ஆளுக்கு ஒரு பீர் கொண்டு போவாங்க. இவர் என் பாட்டில்ல அஞ்சாறைத் தூக்கிட்டுப் போறார். சரி, ருசிக்கட்டும்னு நானும் கூடப் போனேன். ஊத்தினார். எல்லாரும் குடிச்சாங்க. ஒரே சத்தம். "கே, என்னய்யா பண்ணினே? இத்தனை நாள் மாம்பழம் மாம்பழம்னு இருந்தியே?" இவர் என்ன சொன்னார் தெரியுமா? நான் பக்கத்துலதான் நிக்கறேன், கையில சிப்ஸ் தட்டு. "இந்தத் தடவை சாட்ஸ் மட்டும் போட்டுப் பாத்தேன். எளிமையாப் போயிரலாம்னு தோணுச்சு"ன்னார்.

தோணுச்சாம்!

நாலு பேர் முன்னால புருஷனை விட்டுக் குடுக்க எனக்கு மனசு வராது. கார்ல வரும்போது கேட்டேன்.

"என்னங்க, அது நான் காய்ச்சினதுதானே?"

"ஆமா. நான் இல்லேன்னா சொன்னேன்?"

"சாட்ஸ் போட்டுப் பாத்தேன்னு சொன்னீங்களே."

"பேச்சுவாக்குல வந்துருச்சு, திலகா. நீ வேற நான் வேறயா? எல்லாம் ஒரே வீடுதானே."

நானும் விட்டுட்டேன். ஆனா அடுத்த மாசம் அதே பீரை மாநிலப் போட்டிக்கு அவர் பேர்ல அனுப்பிட்டார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. ரெண்டாம் பரிசு. மேடையில ஏறி, வெள்ளி மெடலை மாட்டிக்கிட்டு, போட்டோவுக்குச் சிரிச்சார். அந்த போட்டோ இன்னிக்கும் எங்க ஹால்ல மாட்டியிருக்கு. அதுக்கு அடியில உக்காந்துதான் நான் டீ குடிக்கிறேன்.

அன்னிக்கு ஒண்ணு மட்டும் சொன்னேன். "இனிமே உங்க அண்டாவை நீங்களே கழுவிக்குங்க." சிரிச்சார். விளையாட்டுன்னு நினைச்சுக்கிட்டார். அடுத்து அவர் காய்ச்சினது மோரா புளிச்சுப் போச்சு. அதுக்கு அடுத்ததும். "என்னன்னே தெரியலை, ஈஸ்ட் சரியில்லை போல"ன்னார். நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன்.

நானே கிளப்புல சேர்ந்தேன், என் பேர்ல. மொத்தக் கூட்டத்துல நான் ஒருத்திதான் சேலை. முதல் தடவை போனப்போ ஒரு பெரியவர், "கே வரலையா?"ன்னு எனக்குப் பின்னால எட்டிப் பாத்தார். "கே வரலை. நான் வந்திருக்கேன்"னேன்.

இந்த வருஷம் புது அறுவடை வந்ததும் மறுபடியும் கடைக்குப் போனோம், நானும் யர்மிலாவும். ரெண்டு தோட்டத்து சாட்ஸ் வந்திருந்துச்சு. ஒண்ணு பூ வாசம் தூக்கல், ஒண்ணு மிளகு தூக்கல். யர்மிலா மிளகைக் கசப்புக்கும், பூவைக் கடைசிக்கும் போடலாம்னா. எனக்கும் அதேதான் தோணுச்சு, அவ முந்திக்கிட்டா. இந்தத் தடவை பெண்டிகோ போட்டிக்கு எழுதிக் குடுத்த எல்லாத்துலயும் என் பேரு. திலகவதி கிருபாகரன்னு எழுத்து எழுத்தாச் சொல்லிக் குடுத்தேன். இவர் பாத்துட்டு, "ரெண்டு பேர் பேரையும் போட்டிருக்கலாமே"ன்னார். எப்படி இருக்கு பாருங்க! "எதுக்கு?"ன்னு கேட்டேன். முதுகு வலிக்குது, பெண்டிகோவுக்கெல்லாம் வர முடியாதுன்னு படுத்துட்டார்.

யர்மிலாதான் டூட்டியை மாத்திக்கிட்டு அவ கார்ல கூட்டிட்டு வந்தா. நான் கேக்கலை, அவளா வந்தா. வழி முழுக்க என்னைவிட அவளுக்குத்தான் பதட்டம். பாட்டிலை மடியில வச்சுக்கோ, குலுங்குதுன்னு சொல்லிக்கிட்டே ஓட்டினா.

பெரிய ஹால். மைக்குல என் பேரைக் கூப்பிட்டாங்க. தப்பாத்தான் சொன்னாங்க, ஆனா என் பேரு. கோட்டையும் கைப்பையையும் யர்மிலாகிட்டக் குடுத்துட்டு மேடையேறினேன். நடுவர் கேடயத்தைக் குடுத்துட்டு மைக்கை என் பக்கம் திருப்பினார். "இவ்வளவு சுத்தமான சாட்ஸ் நான் இந்த நாட்டுல குடிச்சதில்ல. எப்படித் தேர்ந்தெடுத்தீங்க? யார் சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டார்.

எனக்கு அந்த நிமிஷம் எங்க ஹால்ல மாட்டியிருக்கற போட்டோதான் கண்ணுல வந்துச்சு. நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன். "யாரும் சொல்லிக் குடுக்கலை. என் மூக்கு. என்னோட மூக்கு மட்டும்தான்"னேன். ஹால் முழுக்கக் கைதட்டல். ரெண்டு பொம்பளைங்க எந்திரிச்சு நின்னே தட்டினாங்க. அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ள இருக்கு.

கீழ இறங்கி வந்தா, யர்மிலா என் கோட்டை மடிச்சுக் கையில குடுத்தா, பையையும் குடுத்தா. "தலை வலிக்குது, நான் கிளம்பறேன்"னா. "இரு, சாப்பாடு போடறாங்க, சாப்பிட்டுச் சேர்ந்து போவோம்"னேன். "வேண்டாம். உனக்கு ரயில் இருக்கு"ன்னுட்டு விறுவிறுன்னு போயிட்டா. கூட்டிட்டு வந்தவ பாதியில விட்டுட்டுப் போறா பாருங்க. நம்ம ஊர்ல இப்படிப் பண்ணுவாங்களா? அதனாலதான் நான் இந்த ரயில்ல வர்றேன், இல்லேன்னா உங்களை எங்க பாத்திருக்கப் போறேன்.

என்ன கேட்டீங்க?

அவ பேரைச் சொன்னேனான்னா? மேடையிலயா?

எதுக்குங்க சொல்லணும்? காய்ச்சினது நான். கழுவினது நான். காத்திருந்தது நான். தோசை இல்லாமக் கிடந்தது நான். அவ கையில கொஞ்சம் தேய்ச்சுக் காட்டினா, "இப்ப, இப்ப"ன்னு ஸ்டூல்ல உக்காந்து சொன்னா. சிநேகிதி செய்யறதுதானே? அவ அதையெல்லாம் எதிர்பார்க்கறவ இல்ல. அவளும் நானும் அப்படியா பழகியிருக்கோம்? ரெண்டு வீட்டுக்கும் நடுவுல வேலியே ஒரு பேச்சுக்குத்தான். இன்னொண்ணும் சொல்றேன், கேளுங்க. இன்னிக்கு அந்த மேடையில நான் இன்னொருத்தர் பேரைச் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? "ஓ, அவங்கதான் செஞ்சாங்களா"ன்னு திரும்பிப் பாத்திருப்பாங்க. வாழ்நாள்ல ஒரு தடவை ஒரு பேரு மட்டும் தனியா நிக்கட்டும்னு நினைச்சேன். தப்பா? எனக்குத் தப்பாத் தெரியலை.

இருங்க, போன் அடிக்குது. இல்ல, மெசேஜ். அட, அவளேதான்! பாருங்க, நூறு வயசு. கண்ணாடி எங்க போச்சு... கொஞ்சம் நீங்க படிங்களேன்.

'உன் மூக்குக்கு என் வாழ்த்துகள்.'

பாத்தீங்களா? நான் சொன்னேனில்ல? தலைவலியோட வீட்டுக்குப் போயும் வாழ்த்து அனுப்பியிருக்கா. கோபம்னா அனுப்புவாளா? அவ நல்லவ. கொஞ்சம் முசுடு, ஆனா மனசுல ஒண்ணும் கிடையாது. உன் மூக்குக்குன்னு எவ்வளவு அழகாப் போட்டிருக்கா, எனக்குன்னுகூடப் போடாம.

கீழ வேற ஒண்ணும் இல்லையே? வழக்கமா அந்தச் சிரிக்கிற பொம்மை போடுவா, ரெண்டு மூணு. இல்லையா? நல்லாத் தள்ளிப் பாருங்க. சரி விடுங்க, கார் ஓட்டிட்டுப் போயிருக்கா, அசதியா இருக்கும்.

ஏன் ஜன்னல் பக்கம் பாக்கறீங்க? ஏதாவது சொல்லுங்க.

பதில் என்ன போடறது? 'நன்றி'ன்னு போடறேன். அவ்வளவு போதும்ல? அதுக்கு மேல என்னத்தை எழுதறது, பக்கத்து வீடுதானே, நாளைக்குக் காலையில வேலிகிட்டப் பாக்கத்தான் போறேன். வருவா. தினம் வருவா. 'நன்றி' போதும்.

போதும்லங்க?